இடம் பிடிக்கப் போட்ட துண்டு

பிப்ரவரி 3

தம்பிக்கு, அண்ணன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. சமதரையில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் ரத்தக் கொதிப்பு எப்படி? மாத்திரையைத் தவறவிட வேண்டாம் என்று மருந்துக் கடையில் வேலை பார்க்கிற இவள் எழுதச் சொல்கிறாள்.

செய்தி கேட்டேன். தேர்தலில் தோற்ற தலைவர் விலகிவிட்டார், செயற்குழுவின் ஏழு பேரும் கூடி உன்னை இடைக்காலத் தலைவராக உட்கார வைத்துவிட்டார்கள் என்று. நம் கிளைச் செயலாளர் சலூன்காரர், ஒருவர் முகத்தில் பாதி சோப்போடு வெளியே ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். "உங்க தம்பி தலைவராயிட்டாருண்ணே!" என்றார். சோப்பு முகம் உள்ளேயிருந்து கத்தியது: "இடைக்காலம்னாங்க. அதையும் சேத்துச் சொல்லுய்யா!"

எனக்கு மகிழ்ச்சிதான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தத் தலைமை ஆபீஸ் கேட்டில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். இதற்கு முன் மூன்று இடைக்காலத் தலைவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறேன். மூன்று பேரும் வந்தது காரில், போனது ஆட்டோவில்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். மூன்று மாதத்துக்குள் எல்லாக் கிளையையும் கூட்டிக் கை தூக்கச் சொல். நம் கட்சியில் தலைவர் என்றால் கிளைகளில் கை தூக்கி, தலை எண்ணி வந்தவர். உன்னை ஏழு பேர் உட்கார வைத்தார்கள். ஏழு பேர் நினைத்தால் எழுப்பிவிடலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. முழங்காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ காவல் நின்ற கேட் வழியாகத்தான் தினமும் உள்ளே போகிறேன். புதிய காவலாளி சல்யூட் அடிக்கும்போது உன் நினைவு வருகிறது. அறைக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள், பெரிய மேசை போட்டிருக்கிறார்கள்.

கிளைத் தேர்தல் பற்றிச் சொன்னாய். இப்போது அதற்கு நேரமில்லை, அண்ணா. தோற்ற காயம் ஆறவில்லை. இந்த நிலையில் தேர்தல் வைத்தால் கட்சி நாலாக உடையும். முதலில் ஒற்றுமை. அமைப்புச் செயலாளரும் அதையே சொல்கிறார். உனக்கு அவரைத் தெரியும், எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போடுவாரே, நீங்களெல்லாம் இஸ்திரி என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். எனக்கு வலது கை மாதிரி இருக்கிறார்.

ஃபோனில் என்னிடம் எதுவும் பேச வேண்டாம். இங்கே ஒரு அழைப்பை மூன்று பேர் கேட்கிறார்கள். கடிதமே எழுது.

உன் ஆசீர்வாதம் வேண்டும்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு.

தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலிக்கு அது போதவில்லை.

ஒற்றுமை என்று எழுதியிருக்கிறாய். நீ படித்தவன், அதனால் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். முதல் இடைக்காலம் வக்கீல். அவர் கூட்ட அறைக்குள் நுழைந்தால் முதல் வாரம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாலாவது வாரம் நாற்காலியை விட்டு அரை அங்குலம் எம்பினார்கள். எட்டாவது வாரம் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டீ கொண்டு போனவன் நான், கண்ணால் பார்த்தேன். இளைஞரணிக்கு ஆளை மாற்றுகிறேன் என்று ஒரு நாள் குரலை உயர்த்தினார். "நாங்க உக்கார வெச்ச ஆளுதானே நீங்க?" என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதோடு முடிந்தது.

இரண்டாவது டாக்டர். நல்ல மனிதர். எந்தத் தாளை நீட்டினாலும், "இதைத் தேர்ந்தெடுத்த தலைவர் வந்து முடிவு பண்ணட்டுமே" என்பார்கள். ஏழு மாதம் தாள்கள் மட்டும் உயர்ந்தன. காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தார். திரும்பி வந்தபோது அறைக்கு வேறு பூட்டு. மூன்றாவது ஆள் பழைய தலைவரின் மாப்பிள்ளை. சுவரெல்லாம் தன் முகத்தை ஒட்டினான். அந்த முகத்தின் மேல் அவன் ஆட்களே அடுத்த ஆளின் முகத்தை ஒட்டினார்கள், அதே பசைதான்.

தேர்ந்தெடுத்தவனை யாராவது முறைத்தால், "போய்க் கிளைகளில் கேள்" என்று சொல்லிவிட்டு டீ குடிப்பான். உன்னை முறைத்தால் நீ எங்கே போவாய்? அந்த ஏழு பேரிடமே போவாய். முறைக்கிறதும் அவர்கள்தான். ஏழு பேருக்குமே அந்த நாற்காலி மேல் ஆசை, அதனால்தான் யாருக்கும் பயம் தராத ஒருவனைத் தேடிப் போட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சீட்டுக்குத் துண்டு போடுவோமே, அதுதான் நீ. துண்டைப் பார்த்து யாரும் மரியாதை செய்ய மாட்டார்கள், தம்பி. போட்டவன் வரும்வரை சீட்டு காலி, அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்கிறேன். உறுப்பினர் பதிவேடு வைத்திருக்கிற பச்சை அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது? அந்த மூன்று பேரிடமும் அது இருந்ததில்லை.

(சித்தப்பா, துண்டு என்பதை எழுத வேண்டாம் மாமா என்றேன். "எழுது, எழுது" என்றார். மருமகள்.)

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நாலு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் முழங்கால், வீட்டில் எல்லோருடைய சௌக்கியம் பற்றி எழுது. எனக்கு இரண்டு மாத்திரை மூன்றாகியிருக்கிறது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இளைஞரணித் தலைவன் நான் கூப்பிடும் கூட்டத்துக்கு வருவதில்லை. நான் இல்லாத கூட்டத்துக்கு முதல் ஆளாக வருகிறான். செயற்குழுவில் தலையாட்டுகிறவர்கள் வராந்தாவில் வேறு பேசுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் எதைக் கேட்டாலும் கடைசியில், "எப்போது வரை இருப்பீர்கள்?" என்றுதான் முடிக்கிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. தேர்தல் வைத்துச் சண்டை போடுவதற்குப் பதில், கிளைகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடலாம் என்று இஸ்திரி யோசனை சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு கிளைகளும் என்னையே நிரந்தரத் தலைவராக ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டன. அக்டோபர் 12 மாநாட்டில் அறிவிப்பார்கள். நம் ஊர்க் கிளையின் தாளில் உன் பெயரை முதலில் போடச் சொன்னேன். நீ மறுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

அந்தத் தாளின் நகல் விதிப்படி கிளைக்கு வரும். உறுப்பினர்கள் பார்த்து ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் ஒட்டி வைக்க வேண்டும் என்பது வெறும் பழைய சம்பிரதாயம். சலூன்காரரிடமிருந்து நீயே வாங்கி வைத்துக்கொள். ஒட்ட வேண்டிய அவசியமில்லை.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு.

உறை வந்தது. சலூன்காரர் பிரிக்காமல் கொண்டு வந்து கொடுத்தார். மருமகள் வாசித்தாள், நான் கேட்டேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். 

இந்த நகலுக்கு முன் சம்மதம் கேட்டு நம் கிளைக்கு எந்தத் தாளும் வரவில்லை. யாரும் எதிலும் கை வைக்கவில்லை.

அறுபத்து மூன்று பேர் சம்மதம் என்று, ஒவ்வொரு பேருக்கும் நேரே கட்டைவிரல் ரேகையோடு இருக்கிறது. அதில் பதினொரு பேர் செத்தவர்கள். தையல்காரர் செத்தது பாலம் இடிந்த வருஷம், வெட்டிய துணி மேசையிலேயே கிடந்தது. மாடிவீட்டுக் கண்டக்டர் செத்து ஆறு வருஷம். அவர் பெண்டாட்டி அதற்கடுத்த வருஷம். பால்காரர், அச்சாபீஸ்காரர், பெயின்டர், பெயின்டரோடு ஏணியில் நின்றவன். மிச்சப் பேருக்கும் நான்தான் போய் மண் போட்டேன். அந்தப் பதிவேட்டைத் துடைத்துப் புதிதாக எழுதிப் பத்து வருஷம் இருக்கும். அதிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறான், எவனோ.

உயிரோடு இருக்கிறவர்களில் மரமில்காரரும் ஒருவர். அவருடைய வலது கட்டைவிரலை ரம்பம் தின்றது நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். அவருக்கு நேரே அழகாக, முழுசாக ஒரு வலது கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அவரிடம் காட்டினால் சிரிப்பாரோ அழுவாரோ தெரியாது.

என் பேரும் இருக்கிறது. நான் எங்கே ரேகை வைத்தாலும் நடுவில் ஒரு கோடு விழும், கேட் நசுக்கிய தழும்பு. இதில் கோடு இல்லை. இது என் விரல் இல்லை.

அசிங்கமாக இருக்கிறது, தம்பி. சாணியை மிதித்த காலோடு வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது.

விதிப்படி இதை ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. உனக்காக மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்படிச் செய்கிறேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல்.

இது உனக்குத் தெரியுமா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தாங்கவில்லை. உறக்கம் சரியாக இல்லை, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்கிறார்.

இத்தனை கிளைகளில் வேலை நடக்கும்போது சில நிர்வாகத் தவறுகள் வரத்தான் செய்யும். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் இருந்ததை இஸ்திரியிடம் சொன்னேன். "பெரியவருக்கு என்ன ஞாபக சக்தி!" என்று ஆச்சரியப்பட்டார். எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நகலை எரித்துவிடு.

அவரே ஒரு நல்ல யோசனையும் சொன்னார். முப்பத்தொரு வருஷம் கேட்டில் நின்ற உன்னை மாநாட்டு மேடைக்கு அழைத்து, கேடயம் கொடுத்துக் கௌரவிக்கப் போகிறார்கள். என் பக்கத்தில் நீ நிற்பாய். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு.

முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஒரு கேள்வி கேட்டேன். நீ வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். செத்தவன் ரேகை வைப்பது நிர்வாகத் தவறா? கேடயத்தைக் காட்டினால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று உனக்குத் தோன்றியதே. அப்பாவை வேறு இழுத்திருக்கிறாய். அப்பா உன்னைப் படிக்க வைத்தது தாளில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு வாசித்துச் சொல்ல.

இஸ்திரியிடம் சொன்னேன் என்கிறாயே, அந்த அலமாரிச் சாவி அவனிடம்தானே இருக்கிறது? மார்ச்சில் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. இந்தத் தாள் பொய் என்பது அவனுக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும் என்பதையும் நீயே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டாய்.

இன்னும் நேரம் இருக்கிறது. மாநாட்டில் நீயே எழுந்து, "இந்தத் தாள்கள் பொய், எனக்கு வேண்டாம், கிளைகள் கை தூக்கட்டும்" என்று சொல். தோற்றால் தோற்றுப் போ. தோற்றவன் திரும்பவும் நிற்கலாம். நான் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன், கேடயம் இல்லாமல்.

அழைப்பு அட்டை இன்றைக்கு வந்துவிட்டது. நீ அனுப்பினாயா?

திரும்பவும் கேட்கிறேன். உனக்குத் தெரியுமா?

அண்ணன்


அக்டோபர் 8

அண்ணா,

அட்டையை நான் அனுப்பவில்லை. மாநாட்டுக்கு வராதே. காரணம் கேட்காதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு.

தம்பி


அக்டோபர் 20

தம்பிக்கு.

நீ வராதே என்று எழுதியது பதின்மூன்றாம் தேதி என் கைக்கு வந்தது. நான் பதினொன்றாம் தேதியே பஸ் ஏறிவிட்டேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ மேடையில் இருந்தாய். கீழேயிருந்து பார்த்ததை நான் சொல்கிறேன்.

முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கட்சி எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தரம். இஸ்திரி மைக்கைப் பிடித்தான். கேடயம் என்று நினைத்தேன். அவனோ நம் கிளைத் தாளை உயர்த்திப் பிடித்தான். "தோழர்களே, நெஞ்சு வெடிக்குது! செத்தவங்க பேருல சம்மதம் வாங்கியிருக்காங்க!" என்றான். குரல் நடுங்கியது, சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை. நேராக இறங்கி வந்து மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"பெரியவரே, இந்த ரேகை உங்களுதா?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தரம் நிமிர்ந்திருந்தாலும் எனக்குப் போதும். நீயே எழுந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"என்னுது இல்ல," என்றேன்.

"தம்பிக்காகக்கூடப் பொய் சொல்லாத மனுசன்!" என்று அவன் கத்தினான். கூட்டம் கை தட்டியது. தட்டட்டும் என்று விட்டு, "இருங்கய்யா, இந்தப் பேரெல்லாம் எந்த அலமாரியிலேர்ந்து வந்துச்சு, அதோட சாவி எவன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். பக்கத்து வரிசைக்காரனின் சட்டையைப் பிடித்துச் சொன்னேன். "அண்ணன்காரன் இப்ப மாத்திப் பேசுறான் பாரு," என்று அவன் அந்தப் பக்கத்து ஆளிடம் சொன்னான். ஒரு தொண்டன் என் தோளை அணைத்து, "வாங்க பெரியவரே, டீ சாப்பிடலாம்," என்று வெளியே தள்ளிக்கொண்டு போனான். நீ எழுந்து பின்கதவு வழியாகப் போனதை அங்கிருந்துதான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஏழு பேர் கூடி இஸ்திரியை இடைக்காலத் தலைவன் ஆக்கிவிட்டார்கள். கை தட்டினவர்களில் ஒருவன்கூட, "எங்களைக் கேட்டீங்களா?" என்று கேட்கவில்லை.

கேடயத்தையும் கொடுத்தார்கள். மருமகள் படித்துப் பார்த்தாள். வேறு யாரோ பேர் இருக்கிறதாம். அது குப்பைக்குப் போய்விட்டது.

நான் சொன்னது ஒரே வார்த்தை. உண்மையான வார்த்தை. பொய் எழுதினவன் அதை வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டான். எட்டு நாளாக வாய் கசக்கிறது. இருந்தாலும், இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மூன்றாவது தரமாகக் கேட்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 25

அண்ணனுக்கு,

மருமகள் இதை உனக்கு மட்டும் வாசிக்கட்டும்.

தெரியும்.

ஏப்ரலில் ஒரு பிற்பகல், அந்தப் பெரிய மேசை மேல் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். இஸ்திரியின் ஆள் ஒருவன் வரிசையாக ரேகை வைத்துக்கொண்டிருந்தான். நம் ஊர்த் தாள் வந்ததும் இஸ்திரி மைப்பெட்டியை என் பக்கம் திருப்பினார். "பெரியவர் பேருக்கு நீங்களே வெச்சிருங்க. ஒரே ரத்தந்தானே," என்றார். வைத்தேன். உன் பேருக்கு நேரே இருப்பது என் கட்டைவிரல்.

நீ எப்படியும் எனக்குச் சம்மதம் சொல்வாய் என்று நினைத்தேன். மாநாடு முடிந்ததும் கிளைத் தேர்தல் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன். நாற்காலி கொஞ்சம் உறுதியாகட்டும், பிறகு நல்லது செய்யலாம் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். அது உறுதியாகவே இல்லை. யாரிடமும் உரக்கப் பேச முடியவில்லை, அண்ணா. பேச வாயெடுத்தால், என்னை யார் கேட்டார்கள் என்று எனக்கே தோன்றும்.

மேசையிலிருந்து நிமிர்ந்திருந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தலைமை ஆலோசகராக இருக்க வரும்படி இஸ்திரி ஆள் அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு.

வாசித்துக்கொண்டே வந்தவள், ஆலோசகர் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டாள். "இதையும் படிக்கணுமா மாமா?" என்றாள். படி என்றேன். என் பேரில் நீ விரல் வைத்ததைக்கூடக் கேட்டுவிட்டேன். "இன்னும் பதில் சொல்லவில்லை" என்பதைத்தான் கேட்க முடியவில்லை. எழுந்து போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன். அந்த மைப்பெட்டிக்காரனுக்குச் சொல்ல உனக்கு இன்னும் என்ன பதில் யோசனை?

அவனையும் ஏழு பேர்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் எப்படிப் போவான் என்று எனக்கு இப்போதே தெரியும். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

நகலைச் சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஐந்து மாதம் நான் மறைத்து வைத்ததையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அதில் இருப்பதை உன் வாயால் நீ சொல்ல வேண்டும்.

வருகிற இருபத்தோராம் தேதி காலை பத்து மணிக்குக் கிளைக் கூட்டம். இரண்டு விஷயம். தலைமைக்குத் தேர்தல் கேட்டுத் தீர்மானம் ஒன்று. உன்னைக் கிளையில் உறுப்பினராக வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பது இன்னொன்று. வராமல் இருந்தாலும் முடிவு எடுத்துவிடுவார்கள். வந்து நில். நாற்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். கேட்பதற்கெல்லாம் பதில் சொல். பிறகு கை தூக்கச் சொல்வார்கள்.

நான் நீக்கத்தான் கை தூக்குவேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து என் முகத்தைத் தேடாதே. மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது, நான் யாரிடமும் பேசவில்லை. ஒருவேளை உன்னை வைத்துக்கொள்ளலாம் என்று நாலு கை எழும்பலாம். அந்த நாலையும் நீயே நின்று எண்ணிக்கொள். இத்தனை நாளில் உனக்கென்று நிஜமாக எழும்பின கை அவ்வளவுதான்.

காலை முதல் பஸ் ஒன்பதரைக்கு வந்துவிடும்.

அண்ணன்